அயனிக் கருவி வாங்குமுன்

நுரையீரல் நோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள், உணவுப் பத்தியத்துக்கு அடுத்தபடியாக அண்மைக் காலத்தில் இடம்பிடித்திருப்பது இது: "வீட்டுக்கு ஒரு ஏர் பியூரிபையர் வாங்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கிறார். அதில் காணப்படும் கருவி எதிர்மின் அயனிகளை உமிழ்வது. வடிகட்டி மாற்ற வேண்டியதில்லை, ஓசை இல்லை, மின்செலவு மிகக் குறைவு, விலையும் கைக்கு எட்டியது. அருவிக்கரையின் தூய காற்றை அறைக்குள் கொணரும் என்ற வாசகமும் உடன் இருக்கும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய் ஆகியவற்றுள் ஏதேனும் உள்ள ஒருவர் வசிக்கும் வீட்டுக்கு, அயனிகளை மட்டும் உமிழும் கருவியை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், நோயாளி உறங்கும் அறையில் அதனை இயக்க வேண்டாம். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி தேவைதான் என்று மருத்துவருடன் கலந்து முடிவு செய்தால், விசிறியும் ஹெப்பா வடிகட்டியும் உள்ளதை வாங்குங்கள். அதில் அயனிப் பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான காரணங்களைக் கூறுவது எங்கள் கடமை.

அருவிக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. பாறையில் விழுந்து சிதறும் நீரைச் சூழ்ந்த காற்று மின்னேற்றம் பெறுகிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்டு 1892-இலேயே ஆராய்ந்து எழுதினார். குற்றாலத்தில் நிற்பவரைச் சுற்றி எதிர்மின் அயனிகள் மிகுந்திருக்கும் என்பது மெய். ஆனால் அங்கே மனம் தெளிவதற்கு எண்ணெய்த் தேய்ப்பும் குளிர்ந்த நீரும் அலுவலகம் இல்லாத நாளும் பெரும் பங்கு வகிக்கின்றன. இவற்றை எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்க இயலாது. அருவி அயனியை உண்டாக்கும் விதமும் கருவி உண்டாக்கும் விதமும் ஒன்றல்ல என்பது அதைவிட முக்கியமானது.

கருவியினுள் ஊசிமுனை போன்றதொரு மின்முனை, அல்லது கரி இழைகளாலான சிறு தூரிகை இருக்கும். அதற்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. முனையிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்கள் காற்றின் மூலக்கூறுகளில் ஒட்டிக்கொள்ள, அவை எதிர்மின் அயனிகளாகின்றன. இந்த அயனிகள் காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றிக்கொள்கின்றன. மின்னேற்றம் பெற்ற துகள் அருகிலுள்ள சுவரிலோ திரைச்சீலையிலோ தரையிலோ போய் ஒட்டிக்கொள்கிறது. சில மாதங்களில் கருவியை ஒட்டிய சுவர் கறுத்துப்போவதைப் பார்த்து, "எவ்வளவு அழுக்கை இழுத்திருக்கிறது பாருங்கள்" என்று வியப்பவர்கள் உண்டு. அழுக்கு கருவிக்குள் போகவில்லை என்பதற்கும் அதுவே சான்று. மறுநாள் காலை பூந்துடைப்பம் தரையில் படும்போதும், மின்விசிறி முழு வேகத்தில் சுழலும்போதும் அதில் ஒரு பகுதி மீண்டும் காற்றில் எழும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது எழவும் வேண்டியதில்லை. குழந்தையே தரைக்குப் போய்விடுகிறது. துகள்களைப் பிடித்து வைக்கும் உலோகத் தகடு கொண்ட வகைகளும் உண்டு. அவற்றில் இக்குறை சற்றுக் குறைவு. தகட்டை அடிக்கடி துடைக்க வேண்டிய கடமை கூடுதல்.

விசிறி இல்லாத கருவிக்கு மற்றொரு வரம்பும் உண்டு. அறைக் காற்று முழுவதும் கருவியின் அருகே வந்து போனால்தான் அது சுத்தமாகும். காற்றை இழுக்கும் விசிறி இல்லாதபோது, மேசைமேல் இருக்கும் கருவி தன்னைச் சுற்றிய சிறு பரப்பிலேயே வேலை செய்கிறது. ஓசையின்மை என்று விளம்பரம் பெருமையாகக் கூறுவது, காற்று நகரவில்லை என்பதன் மறுபெயர்.

இவை மட்டுமாயின் "பயன் குறைவு, பணம் வீண்" என்று கூறி நிறுத்திக்கொள்வோம். நுரையீரல் மருத்துவப் பிரிவினராகிய எங்களை இதுபற்றி எழுதத் தூண்டியது ஓசோன்.

உயர் மின்னழுத்தத்தில் காற்றை அயனியாக்கும்போது ஆக்சிஜன் மூலக்கூறுகள் சில உடைந்து, மூன்று அணுக்கள் கொண்ட ஓசோனாக மாறுகின்றன. இடி மின்னலுக்குப் பின்னும், ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகிலும் நாசியில் படும் கூரிய மணம் அதனுடையது. விண்ணில் வெகு உயரத்தில் அது நமக்குக் குடை. மூக்கின் அருகில் அது மூச்சுக்குழாயின் உட்சவ்வை உறுத்தும் வாயு. இருமல், தொண்டைக் கரகரப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றை உண்டாக்குவதோடு, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயை மற்றத் தூண்டுபொருள்களுக்கும் எளிதில் இரையாக்குகிறது. வீசிங் வராமலிருக்க வாங்கிய கருவி வீசிங்கை அழைத்து வருவது இப்படித்தான். இரவில் இருமும் குழந்தைக்காகக் கருவியை மேலும் அருகில் நகர்த்தி வைக்கும் பெற்றோரின் பரிவு எங்களுக்குப் புரிகிறது. அந்தப் பரிவு சென்று சேரும் இடம் சரியில்லை என்பதே எங்கள் கவலை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்கள் வெளியிடும் ஓசோன் 0.050 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்று விதி வகுத்து, 2010 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு காற்றுத் தர விதிகளும் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஓசோனை எல்லையாகக் கொள்கின்றன. இதுவும் ஏறத்தாழ அதே அளவுதான். இங்கே மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. வெளிக்காற்றில் ஏற்கெனவே ஓசோன் உள்ளது; வெயில் மிகுந்த பிற்பகலில் நகரங்களில் அது கூடுகிறது. கருவி உண்டாக்குவது அதற்கு மேற்கொண்டு சேர்வது. கதவடைத்த சிறு அறையில் இரவு முழுவதும் இயங்கினால் அது எங்கும் போவதற்கு வழியில்லை. மணத்தை வைத்து மதிப்பிடலாமே எனில், மூக்கு சிறிது நேரத்தில் அந்த மணத்துக்குப் பழகிவிடுகிறது.

ஓசோன் தனியாகவும் இருப்பதில்லை. எலுமிச்சை, பைன் மணமூட்டிய தரைத் துடைப்புத் திரவங்களிலும் அறை நறுமணத் தெளிப்பான்களிலும் உள்ள பொருள்களோடு வினைபுரிந்து, பார்மால்டிஹைடு என்னும் உறுத்தும் வாயுவையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்குகிறது. தரையை மணக்க மணக்கத் துடைத்துவிட்டு, சன்னலைச் சாத்தி, அயனிக் கருவியை இயக்கும் ஒரு தூய்மையான இல்லம் தன்னையறியாமல் ஒரு சிறு வேதிக்கூடம் ஆகிறது.

மருத்துவ ஆய்வுகள் கூறுவதென்ன? நாட்பட்ட ஆஸ்துமாவில் அயனிக் கருவிகளின் பயன் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்து மதிப்பிட்டுள்ளது. நோய்க்குறிகளிலோ நுரையீரலின் செயல்திறனிலோ குறிப்பிடத்தக்க நன்மை உண்டு என்று அது காணவில்லை. பெய்ஜிங் நகரப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. வகுப்பறையில் அயனிக் கருவி இயங்கியபோது நுண்துகள் குறைந்தது. மூச்சுத் திறன் சற்று உயர்ந்தது. ஆனால் இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் விரும்பத்தகாத திசையில் மாறியது. பெய்ஜிங் போன்ற மாசு மிகுந்த நகரில் நுண்துகள் குறைவதன் நன்மை பெரிது. அந்நன்மையின் ஒரு பகுதியை அயனிகளே திரும்பப் பெற்றுக்கொள்கின்றன என்றால், அயனி இன்றித் துகளைக் குறைக்கும் வழி இருக்கையில் இதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மன உற்சாகம், நல்லுறக்கம் என்ற வாக்குறுதிகளும் விற்பனைப் பேச்சில் இடம்பெறும். மிகச் செறிந்த அயனிகள் மனச்சோர்வைச் சற்றுத் தணிப்பதாகச் சில ஆய்வுகள் கண்டிருப்பது உண்மைதான். பதற்றத்திலும் உறக்கத்திலும் சீரான பயன் எதுவும் தென்படவில்லை.

இவ்வணிகத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் என்னும் நிறுவனம் விற்ற அயானிக் பிரீஸ் கருவி பெரும்புகழ் பெற்றிருந்தது. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அதனைச் சோதித்து, காற்றைச் சுத்திகரிப்பதில் பயனற்றது என்று எழுதியது. நிறுவனம் 2003-இல் வழக்குத் தொடுத்தது; மறு ஆண்டே நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2005-இல் அதே இதழ், இத்தகைய கருவிகள் சில வெளியிடும் ஓசோன் பற்றி எச்சரித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுந்து அடங்கிய பேச்சு இன்று நம்மூர்க் கைப்பேசிகளில் புதுமையாக வலம் வருகிறது.

காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குத் தனியே சில சொற்கள் சொல்ல வேண்டும். "அயனி காசநோய்க் கிருமியைத் தடுக்கும் என்று ஆராய்ச்சியே உள்ளதாமே" என்று கேட்கிறார்கள். உள்ளது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனை ஒன்றில், காசநோயாளிகளின் அறைக் காற்றைக் கினிப்பன்றிகள் இருந்த கூடத்துக்குச் செலுத்தி நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. பாதுகாப்பு எதுவுமின்றி அக்காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளில் 35 விழுக்காட்டுக்கும், அயனிக் கருவிகள் இயங்கிய ஏற்பாட்டில் 14 விழுக்காட்டுக்கும், அறையின் மேற்பகுதியில் புறஊதா விளக்குகள் எரிந்தபோது 9.5 விழுக்காட்டுக்கும் தொற்று ஏற்பட்டது. இது மெய்யான, மதிக்கத்தக்க ஆய்வு. ஆயினும் அது பொறியாளர்கள் கணக்கிட்டு அமைத்த மருத்துவமனை ஏற்பாடு. சுவர்ச் செருகியில் பொருத்தும் உள்ளங்கை அளவுக் கருவி அன்று. அதே நகரின் மருத்துவமனைகளில் 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை. சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு ஏறத்தாழ 28 முறை காற்று முழுமையாக மாறியது. இயந்திரக் காற்றோட்டம் அமைந்த அறைகளில் அது 12 முறையே. சன்னலைத் திறந்தால் விற்பனை இல்லை. ஆகவே விளம்பரமும் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலேயே இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றவரை நெருக்கடியான அவரவர் இல்லத்திலும் வைத்து ஓராண்டு மருந்தளித்துப் பார்த்தது. முடிவு 1959-இல் வெளிவந்தபோது உலகமே வியந்தது. வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் சானடோரியத்தாருக்கு இணையாகக் குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை என்பதைத் தொடர் கண்காணிப்பு காட்டியது. நல்ல காற்றும் ஓய்வும் சானடோரியத்தில்தான் அதிகம். ஆனால் குடும்பத்தைக் காத்தது இடைவிடாது உட்கொண்ட மருந்து. காசநோய் உள்ள வீட்டில் செலவழிக்கப் பணம் இருந்தால் முட்டைக்கும் பருப்புக்கும் பழத்துக்கும் செலவிடுங்கள் என்று நாங்கள் கூறுவதன் பின்னணி இதுவே.

கருவி தேவைப்படும் இல்லங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, அண்டையில் ஓயாத கட்டுமானப் பணி, வீட்டை விட்டு நகர இயலாத முதிய சி.ஓ.பி.டி. நோயாளி போன்ற நிலைகளில் ஹெப்பா வடிகட்டி உதவக்கூடும். மிக எளிதில் நழுவும் அளவான 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைப் பிடித்து வைப்பது அதன் இலக்கணம். "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்றது" என்ற சொற்கள் பெட்டியில் இருந்தால் அது ஹெப்பா அன்று என்று கொள்க. அடுத்து நோக்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்னும் எண்; ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைக் கருவி தருகிறது என்பதன் அளவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, கூரை பத்தடி உயரம் எனில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமாயின் 170 தேவை. இந்த எண் அச்சிடப்படாத கருவியை, விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், வாங்க வேண்டாம். அச்சிடப்பட்ட எண் விசிறியின் உச்ச வேகத்துக்கு உரியது. உச்ச வேகத்தின் இரைச்சலில் உறங்க முடியாமல் எல்லாரும் வேகத்தைக் குறைத்துவிடுவர் என்பதால், தேவையைவிடச் சற்றுப் பெரியதை வாங்குவதே பயன்தரும். மாற்று வடிகட்டியின் விலையையும், அது உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதையும் வாங்கும் அன்றே விசாரியுங்கள். முதல் வடிகட்டி அடைத்துப்போனபின் மூலையில் அலங்காரப் பொருளாக நிற்கும் சுத்திகரிப்பான்கள் எத்தனையோ.

வாங்கியபின் அதைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், நோயாளி உறங்கும் அறையில் காற்று தடையின்றிப் புகும்படி வையுங்கள். முன்வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யலாம். ஹெப்பா வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பல ஹெப்பா கருவிகளில் "அயனைசர்", "பிளாஸ்மா" என்ற பெயர்களில் அயனி உமிழும் பகுதியும் சேர்ந்தே வருகிறது. தனியே அணைக்க முடிகிறதா என்று கடையிலேயே இயக்கிப் பார்த்து வாங்குங்கள். தகடு கொண்ட அயனிக் கருவியை ஏதோ காரணத்தால் தொடர்ந்து பயன்படுத்துவோர், மின் இணைப்பைத் துண்டித்தபின் தகட்டைத் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகே பொருத்த வேண்டும். படபடவென்ற ஒலியோ கூரிய மணமோ எழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்தும் நோயாளியின் அறையில் உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் இத்தகைய கருவி வேண்டாம். அதே அறையில் குத்துவிளக்கும் ஊதுபத்தியும் அதனினும் பெரிய ஆபத்து என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஹெப்பா வடிகட்டி துகளைத்தான் பிடிக்கும். சமையல் எரிவாயு எரிவதால் எழும் வாயுக்களையும், மூடிய குளிர்சாதன அறையில் நால்வர் உறங்கும்போது சேரும் கரியமில வாயுவையும் அது நீக்காது. எனவே எந்தக் கருவி வாங்கினாலும் நாள்தோறும் சில மணி நேரம் சன்னல் திறந்திருக்க வேண்டும். போகியன்று காலையில் மட்டும் இதற்கு விலக்கு. புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தாமதமாகும் நாளில் சன்னலை இறுகச் சாத்தி வைப்பதே சரி.

இவ்வளவையும் எழுதும்போது எங்களுக்கு எழும் ஓர் ஆதங்கத்தை மறைக்க விரும்பவில்லை. சுத்திகரிப்பான் பற்றி விசாரிக்கும் இல்லங்கள் பலவற்றில், இரவுதோறும் கொசுவத்திச் சுருள் எரிகிறது. ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு ஈடானது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதனை எரித்துக்கொண்டே அருகில் கருவியை வைப்பது, குழாயைத் திறந்து விட்டபடி தரையைத் துடைப்பது போன்றது. சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும் கட்டிலுக்கு வலை கட்டுவதும் பழைய வழிகள், செலவு ஒருமுறைதான். சாம்பிராணியும் கற்பூரமும் வேண்டவே வேண்டாம் என்று கூறி எவருடைய வழிபாட்டிலும் குறுக்கிட மாட்டோம். நோயாளி வேறறையில் இருக்கும்போது, சன்னல் திறந்த இடத்தில், சிறிதளவாக என்பதே எங்கள் வேண்டுகோள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைப்பவர் இருந்தால் வேண்டுகோள் இல்லை. நிறுத்தியே ஆக வேண்டும். தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியை இயக்குவது, தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது, தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்பது, மழைக்காலத்தில் சுவரில் படரும் பூஞ்சணத்துக்குக் காரணமான கசிவை அடைப்பது ஆகியவற்றுக்குப் பெட்டியும் இல்லை, உத்தரவாத அட்டையும் இல்லை. ஆஸ்துமாக் குழந்தையின் இரவுகளை மாற்றுபவை பெரும்பாலும் இவைதாம்.

கழுத்தில் அணியும் "அயனிப் பதக்கங்கள்" பற்றியும் கேட்கிறார்கள். மின்கலம் இல்லாமலே அயனி உமிழ்வதாகக் கூறப்படும் பதக்கங்கள் சிலவற்றில், மோனசைட் போன்ற தோரியம் கலந்த கனிமத்தூள் சேர்க்கப்பட்டுள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இக்கனிமமே. தோரியம் கதிரியக்கம் உள்ளது. இத்தகைய பொருள்கள் பத்தினை அணிய வேண்டாம் என்று நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. குழந்தையின் கழுத்தில் அப்படியொன்று இருந்தால் இன்றே கழற்றி, அறைக்கு வெளியே தனியே எடுத்து வையுங்கள்.

கருவி வந்தபின் மருந்தைக் குறைத்துவிடுவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது. நாள்தோறும் உறிஞ்ச வேண்டிய தடுப்பு இன்ஹேலரை, "இப்போதுதான் காற்றே சுத்தமாகிவிட்டதே" என்று ஒரு குடும்பம் நிறுத்துகிறது. சில வாரங்கள் எதுவும் நேர்வதில்லை. மூச்சுக்குழாயின் அழற்சி அமைதியாக வளர்கிறது. பிறகு ஒரு சளிக் காய்ச்சலோ தீபாவளிப் புகையோ வந்ததும் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவர நேர்கிறது. மூச்சுக்குழாயின் உள்ளே உள்ள அழற்சியை, அறையின் மூலையில் உள்ள எந்தக் கருவியும், அது எவ்வளவு விலையுயர்ந்த ஹெப்பாவாக இருந்தாலும், ஆற்றுவதில்லை.

வாங்க எண்ணியுள்ள கருவியின் பெட்டிப் படத்தையோ, வாங்கிவிட்ட கருவியின் விளக்கக் குறிப்பையோ அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது கொண்டு வாருங்கள்; சேர்ந்து பார்ப்போம். இன்ஹேலரையும் ஸ்பேசரையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அவற்றைப் பயன்படுத்தும் முறை சரியாக இருக்கிறதா என்று செவிலியர் ஒருமுறை பார்த்துவிடுவார்.